சாவா மூவாச் சந்தா: ஏழு நாட்டிலிருந்து உறுப்பினர் பணம் வசூலித்த கதை

ஜனவரி 31, 2025, வெள்ளிக்கிழமை. அல்சூர் மார்க்கெட்டில் கொத்தவரங்காய் நிறுத்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. வங்கியிலிருந்து குறுஞ்செய்தி: 10,373 ரூபாய் 64 பைசா வரவு. காய்க்காரம்மா மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டே நிற்க, நான் அந்தச் செய்தியைத்தான் மூன்று முறை படித்தேன். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் ஏழு பேரின் ஆண்டுச் சந்தா அது. ஒரே வரவாக, யாரும் எதுவும் கேட்காமல், வந்து சேர்ந்துவிட்டது. இதற்கு எனக்கு ஓர் ஆண்டும் மூன்று தப்பான வழிகளும் ஆகியிருந்தன. மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

முதலில் குழுவைப் பற்றி. 2020 ஊரடங்கில் தொடங்கிய கல்வெட்டு வாசிப்புக் குழு எங்களுடையது. சனிக்கிழமை இரவு ஏழரைக்குக் காணொளியில் கூடுவோம். மைப்படியையோ (கல்வெட்டின் மேல் தாளை ஒட்டி மையால் எடுக்கும் படி) புகைப்படத்தையோ திரையில் போட்டு, ஆசிரியர் எழுத்தெழுத்தாகச் சொல்லித் தருவார். தொல்லியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் பெங்களூரில் மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்து பிழைப்பவள். குழுவின் கணக்கு என் தலையில் விழுந்தது. டொம்லூர் சொக்கப் பெருமாள் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருப்பது, பக்கத்திலேயே இருபது வருடம் குடியிருந்தும் எனக்கு இந்தக் குழுவில் சேர்ந்த பிறகுதான் தெரியும்.

உறுப்பினர் 46 பேர். உள்நாட்டில் 27, வெளிநாட்டில் 19: சிங்கப்பூர் 6, மலேசியா 3, அமீரகம் 3, கத்தார் 1, அமெரிக்கா 3, பிரிட்டன் 2, இலங்கை 1. ஆண்டுச் சந்தா 1,500 ரூபாய். செலவு: ஆசிரியருக்கு மாதம் 3,000 வீதம் 36,000, காணொளிச் சேவைக்கு ஜிஎஸ்டியோடு 15,600, படங்களைச் சேமித்து வைக்க 2,100. மொத்தம் 53,700. உள்நாட்டுக்காரர்கள் 27 பேரும் யுபிஐயில் அரை நாளில் கட்டிவிட்டார்கள்: 40,500. மீதி 13,200 வெளிநாட்டிலிருந்து வந்தாக வேண்டும். அதற்கு மேல் வருவதெல்லாம் களப்பயணத்துக்கு வண்டி பிடிக்க.

2023 வரை ஆளாளுக்குத் தோன்றியபடி கொடுத்தார்கள். "ஊருக்கு வரும்போது தர்றேன்" என்பதுதான் பெரும்பாலானவர்களின் பதில். உண்மையாகவே இரண்டு பேர் மதுரையில் என் அம்மா வீட்டுக்குப் போய்ப் பணத்தைக் கொடுத்து, காபி குடித்துவிட்டு வந்தார்கள். அம்மாவுக்கு அவர்கள் யார் என்று கடைசிவரை புரியவில்லை. 2024 ஜனவரியில் முறையாக வசூலித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதல் முயற்சி நேரடி வங்கிப் பரிமாற்றம். வெளிநாட்டு வங்கிகள் என் வங்கியை அடையாளம் காணும் ஸ்விஃப்ட் குறியீட்டையும் கணக்கு எண்ணையும் எழுதி அனுப்பினேன். எடுபடுகிறதா என்று பார்க்க லண்டன்காரர் ஒருவர் முன்வந்தார். 15 பவுண்டு அனுப்பினார். அன்றைய விலைக்கு 1,570 ரூபாய் வந்திருக்க வேண்டும். ஐந்தாம் நாள் வந்தது 558 ரூபாய். யாரோ திருடிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கிளைக்குப் போய் உட்கார்ந்து விசாரித்தபோது புரிந்தது. அவருடைய வங்கிக்கும் என் வங்கிக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. நடுவில் ஒரு வங்கி கைமாற்றிவிடுகிறது, அதற்குக் கூலி 8 பவுண்டு. மிஞ்சிய 7 பவுண்டை என் வங்கி 103 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது: 721. அதில் கையாளும் கட்டணம் ஜிஎஸ்டி சேர்த்து 118. நாணயம் மாற்றியதற்கு ஜிஎஸ்டி 45.

அந்த 45ஐக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நாணயம் மாற்றும் சேவையின் மதிப்பு என்று மாற்றும் தொகையில் ஒரு சதவீதத்தைக் கணக்கிட்டு, அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி போடுகிறார்கள். ஆனால் அந்த மதிப்புக்குக் குறைந்தபட்சம் 250 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். அதனால் 700 ரூபாய் வந்தாலும் 25,000 வந்தாலும் பிடிப்பது அதே 45தான். சின்னத் தொகையாகப் பத்து முறை வாங்கினால் பத்து 45. இது எனக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

எங்கள் வகுப்பில் அந்த வாரம் ஓடிக்கொண்டிருந்தது நுந்தா விளக்குக் கல்வெட்டு. சோழர் காலத்தில் கோயிலில் ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடு விடுவார்கள். அவற்றை ஓட்டிக்கொண்டு போகும் இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கொண்டுவந்து அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குப் பெயர் 'சாவா மூவாப் பேராடு', சாகாத, மூப்படையாத ஆடு. கிழடு செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வந்துவிடும்; கணக்கில் எப்போதும் 96தான். லண்டனில் 15 பவுண்டாகப் புறப்பட்டது பெங்களூர் வருவதற்குள் 558 ரூபாயாகத் தேய்ந்ததை நான் சொன்னதும் ஆசிரியர், "உங்க ஆடு செத்தும் போகுது, மூப்பும் அடையுது" என்றார். அன்றிலிருந்து குழுவில் இதற்குப் பெயர் 'ஆட்டுக் கணக்கு'.

இரண்டாவது முயற்சி, அட்டை வழியாக டாலரில் வாங்கும் ஓர் இணையச் சேவை. கணக்குத் திறக்க ஒரு மாலை போதும். பான் எண், வங்கிக் கணக்கு, பிறகு 'பர்ப்பஸ் கோட்' என்று ஒன்று. வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு ரூபாயும் எதற்காக வருகிறது என்பதற்கு ரிசர்வ் வங்கி ஒரு குறியீடு வைத்திருக்கிறது. நீண்ட பட்டியல். அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கைக்கு வந்த எதையோ தட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். இந்தக் கதையின் வில்லங்கம் முழுக்க அங்கேதான் தொடங்கியது.

சந்தாவை 18 டாலர் என்று வைத்தேன். நாலு பேர் கட்டினார்கள். கட்டணம் 4.4 சதவீதம், அதற்கு மேல் 30 சென்ட். 18ல் 1.09 போய் 16.91 நின்றது. அதை ரூபாயாக்கிய விலை, அன்றைய சந்தை விலையைவிட மூன்று ரூபாய் குறைவு. கைக்கு வந்தது 1,354. லண்டன் அனுபவத்தோடு ஒப்பிட்டால் இது சொர்க்கம். சரி, இதுவே போதும் என்று நினைத்த வேளையில் நாலாவது பணத்துக்குத் தகராறு வந்தது. அமெரிக்க உறுப்பினர் ஒருவரின் மனைவி அட்டைக் கணக்கைப் பார்த்திருக்கிறார். கல்வெட்டுக் குழுவின் பெயர் அதில் இல்லை. என் மொழிபெயர்ப்புத் தொழிலின் பெயர் இருந்தது. பெங்களூரில் முன்பின் தெரியாத யாரோ 18 டாலர் எடுத்துவிட்டார்கள் என்று வங்கியில் புகார் கொடுத்துவிட்டார். அவர் செய்தது தப்பே இல்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். பணம் திரும்பப் போனதோடு 20 டாலர் தண்டமும் பிடித்தார்கள். 18 டாலர் சந்தாவுக்கு 20 டாலர் தண்டம். உறுப்பினர் மன்னிப்புக் கேட்டு அரைப் பக்கம் எழுதினார். தண்டத்தையும் தானே தருகிறேன் என்றார். அதை எந்த வழியில் அனுப்புவது என்றுதான் இருவருக்கும் தெரியவில்லை.

மூன்றாவது வழியை உறுப்பினர்களே சொன்னார்கள். "நாங்க மாசாமாசம் அப்பா அம்மாவுக்குச் செயலியில அனுப்புறோம், ரெண்டு நிமிஷத்துல வந்துடுது. உங்க சேமிப்புக் கணக்கைக் கொடுங்க." கொடுத்தேன். ஐந்து நாளில் ஏழு பேர், ஆளுக்கு முழுசாக 1,500. ஒரு பைசா குறையவில்லை. சாவா மூவாப் பேராடு என்று குழுவில் அறிவித்தேன்.

எட்டாம் நாள் வங்கியிலிருந்து அழைப்பு. கிளைக்குப் போனேன். அதிகாரி கணினித் திரையை என் பக்கம் திருப்பி, ஏழு வரியையும் பேனாவால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். எல்லாவற்றுக்கும் நேரே 'குடும்பப் பராமரிப்பு' என்று இருந்தது. "இவரெல்லா நிம்ம சம்பந்திகரா, மேடம்?" என்று கேட்டார். இவர்களெல்லாம் உங்கள் சொந்தக்காரர்களா? ஏழு பேர், மூன்று நாடு, ஏழு வேறு வேறு குடும்பப் பெயர். அதில் ஒருவர் இஸ்லாமியர், ஒருவர் கிறிஸ்தவர். எல்லாரும் எனக்குப் பராமரிப்புச் செலவு அனுப்புகிறார்கள். எனக்கே சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை. போதாக்குறைக்குச் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய இருவர் குறிப்பில் நல்லெண்ணத்தோடு 'டொனேஷன்' என்று தட்டியிருந்தார்கள்.

அன்று மாலையே ஸ்ரீராமபுரத்தில் இருக்கும் எங்கள் ஆடிட்டரிடம் ஓடினேன். என்னைவிடப் பத்து வயது இளையவர். பார்த்தவுடன் தலையில் கை வைத்துக்கொண்டார். "அக்கா, குடும்பச் செலவுன்னு வந்ததக்கூடக் கடிதம் எழுதிச் சரி பண்ணிடலாம். டொனேஷன்னு போட யார் சொன்னா?"

அவர் அரை மணி நேரம் விளக்கியதில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010 என்று ஒன்று இருக்கிறது, எஃப்சிஆர்ஏ என்பார்கள். கல்வி, பண்பாடு, சமூகம் என்று ஏதாவது ஒரு காரியத்தை நடத்துகிறவர் வெளிநாட்டு மூலத்திலிருந்து நன்கொடை வாங்குவதென்றால், முன்னதாகப் பதிவோ அனுமதியோ வேண்டும். சங்கம், அறக்கட்டளை என்று பலகை மாட்டியிருந்தால்தான் என்றில்லை. தனி ஆளுக்கும் பொருந்தும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் வந்து இறங்க வேண்டிய இடமும் ஒன்றே ஒன்றுதான்: ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளை. 1,500 ரூபாய் சந்தாவுக்கு நான் தில்லியில் கணக்குத் திறக்க வேண்டுமாம்.

இதில் யார் வெளிநாட்டு மூலம் என்பதுதான் சூட்சுமம். ஆள் எங்கே வசிக்கிறார் என்பது கணக்கில்லை, கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்பதே கணக்கு. துபாயில் இருபது வருடமாக இருந்தாலும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. பிறந்து வளர்ந்தது மன்னார்குடியாகவே இருந்தாலும் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டால் அவர் வெளிநாட்டு மூலம். இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் அப்படித்தான்.

"ஆனா ஒண்ணுக்கா, நீங்க வாங்குறது நன்கொடையே இல்லையே" என்றார். "வகுப்பு நடக்குது. அதுக்குக் காசு வாங்குறீங்க. தொழில்முறையில செய்யிற சேவைக்கு வாங்குற கட்டணம் அந்தச் சட்டத்துக்குள்ள வராது. அத அப்படியே சொல்லி, ரசீது போட்டு வாங்கியிருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல."

இத்தனை நாளும் பணம் எந்தக் குழாய் வழியாக வந்தால் குறைவாகக் கசியும் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பணத்துக்கு என்ன பெயர் என்று யோசிக்கவே இல்லை. சந்தா என்று நான் சொன்னேன், டொனேஷன் என்று அவர்கள் எழுதினார்கள், குடும்பப் பராமரிப்பு என்று செயலி பதிந்தது. ஒரே 1,500 ரூபாய்க்கு மூன்று பெயர். வாரா வாரம் கல்வெட்டில் 'இக்காசுக்குப் பொலிசையாக' (வட்டியாக) என்று படித்துக்கொண்டிருந்தவளுக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா? ஒரு காசு கொடுத்தால் அது முதலா, வட்டியா, எதற்கு, யார் கையில், யார் புணை (ஜாமீன்) என்று கல்லில் வெட்டிவைத்தவர்களின் கணக்கைப் படிக்கிற குழு நாங்கள்.

டொனேஷன் என்று வந்த இரண்டையும் வந்த வழியே திருப்பி அனுப்பச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுத்தேன். அது போய்ச் சேரப் பதினோரு நாள். மற்ற ஐந்தும் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் அனுப்பியவை. அவற்றுக்கு உண்மையான காரணத்தை எழுதி ஆடிட்டர் கடிதம் தயாரித்துத் தந்தார். 2024 கணக்கை மூடியபோது வெளிநாட்டு வரவு 13,450. வரவேண்டியது 28,500. பலரிடம் வாங்கவே முடியவில்லை. செலவெல்லாம் போக மிச்சம் 250 ரூபாய். அந்த ஆண்டு களப்பயணம் கிடையாது.

இனிமேல்தான் சரியாக நடந்தது. எதையும் தொடுவதற்கு முன் 19 பேருக்கும் இரண்டே கேள்வி அனுப்பினேன். ஒன்று, உங்கள் கடவுச்சீட்டு எந்த நாடு? இரண்டு, இந்தியாவில் என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கு (வெளிநாட்டில் வசிப்பவர்கள் இங்கே வைத்துக்கொள்ளும் ரூபாய்க் கணக்கு) இருக்கிறதா? பதிலைப் பார்த்ததும் என்னை நானே கொட்டிக்கொண்டேன். எட்டுப் பேருக்கு இந்தியக் கடவுச்சீட்டும் இருக்கிறது, இங்கே கணக்கும் இருக்கிறது! வளைகுடாவில் இருக்கும் நாலு பேர், சிங்கப்பூரில் இருவர், அமெரிக்காவில் ஒருவர், பிரிட்டனில் ஒருவர். அவர்கள் பாட்டுக்கு ரூபாயிலேயே அனுப்பிவிடலாம். சிலர் யுபிஐயிலேயே: வெளிநாட்டுக் கைப்பேசி எண்ணோடு என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கை யுபிஐயில் இணைக்க 2023 ஜனவரியில் வழி செய்தார்கள். முதலில் பத்து நாடுகளுக்கு. சிங்கப்பூர், அமெரிக்கா, பிரிட்டன், அமீரகம், கத்தார் எல்லாம் அதில் உண்டு. கத்தார் அண்ணனிடம் "இதை ஏன் போன வருஷமே சொல்லல?" என்று கேட்டேன். "நீங்க கேக்கலையேம்மா" என்றார்.

எட்டுப் பேர், 12,000 ரூபாய், கசிவு சுழியம்.

மீதி 11 பேருக்காகத் தொழில் கணக்கு ஒன்றைத் தொடங்கினேன். என் மொழிபெயர்ப்புத் தொழிலை உத்யம் என்ற அரசுத் தளத்தில் சிறுதொழிலாகப் பதிந்தேன். ஆதாரும் பானும் போதும், காசு இல்லை, அதில் கல்வி வகுப்பையும் ஒரு செயல்பாடாகச் சேர்த்தேன். அந்தச் சான்றும் கடை உரிமமும் கொடுத்துக் கரண்ட் அக்கவுண்ட். அதில் எப்போதும் 10,000 ரூபாய் இருப்பு நிற்க வேண்டும். அது ஒரு முடக்கம்தான், ஆனால் செலவில்லை. சிவாஜி நகரில் 'உரிமையாளர்' என்று ஆங்கிலத்தில் ஒரு சீல் செய்தேன், 180 ரூபாய். ஆடிட்டருக்கு 2,500. என் மொத்த வரவே ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு வெகு கீழே என்பதால் ஜிஎஸ்டி பதிவு தேவைப்படவில்லை. பெரிய அளவில் செய்கிறவர்களுக்கு அது தனிக் கதை. உங்கள் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து வெளிநாட்டு அட்டை வாங்கும் இந்தியப் பேமென்ட் நிறுவனம் ஒன்றில் விண்ணப்பித்தேன். எல்லைதாண்டி வரும் பணத்தைக் கையாளுகிறவர்களை 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி நேரடிக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது; அதனால் காகிதம் அதிகம். விதிமுறைகள், பணம் திருப்பும் கொள்கை, முகவரி, தொலைபேசி எல்லாம் இருக்கும் ஒரு பக்கம் இணையத்தில் வேண்டும் என்றார்கள். ஒரே மாலையில் எழுதினேன். பணம் திருப்பும் கொள்கையில்தான் மாட்டிக்கொண்டேன். வகுப்பே நடக்காவிட்டால் திருப்பித் தரலாம். எழுத்து புரியவில்லை என்றால்? வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து யாருக்குத்தான் முதல் மாதத்தில் புரிந்தது! 'முதல் இரண்டு வகுப்புக்குள் விலகினால் முழுத் தொகை' என்று போட்டேன். தொலைபேசி எண்ணை விட்டுவிட்டதால் முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. இரண்டாவதில் 'டொனேஷன் பெறுகிறீர்களா' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று அழுத்தமாகக் குறித்தேன். மொத்தம் பதினேழு நாள். பர்ப்பஸ் கோட் பட்டியலை இந்த முறை உட்கார்ந்து படித்தேன்: 1301 குடும்பப் பராமரிப்பு, 1302 அன்பளிப்பு, இரண்டின் பக்கமே போகக் கூடாது, 11ல் தொடங்கும் தனிநபர், பண்பாட்டுச் சேவைகளின் வரிசையில் கல்விக்கானதை எடுத்தேன்.

கட்டணம் 3 சதவீதம், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 1,500க்கு 45ம் 8.10ம் போய்க் கையில் 1,446.90. இங்கே ஒரு தந்திரம்: உறுப்பினர்களுக்கு அனுப்பும் கட்டண லிங்கில் தொகையை டாலரில் வைக்காமல் ரூபாயிலேயே வைத்தேன். நாணயம் மாற்றுகிற வேலை அவர்களுடைய அட்டை வங்கியிடம் போய்விடும், பெரும்பாலும் அது நமக்குக் கிடைக்கும் விலையைவிட நல்ல விலை. கடைசிவரை துணையிருந்த அதே லண்டன்காரர் தன் கணக்கைப் பார்த்துச் சொன்னார்: வெளிநாட்டுப் பயன்பாட்டுக் கட்டணம் சேர்த்தே 14 பவுண்டு 52 பென்ஸ். போன ஆண்டு 15 பவுண்டு அனுப்பி 558 ரூபாய் தந்தவர்.

அமெரிக்க அட்டை ஒன்று இரண்டு முறை நின்றுபோனது. பெங்களூரிலிருந்து நள்ளிரவில் வந்த கோரிக்கையை அவருடைய வங்கி சந்தேகப்பட்டிருக்கிறது. வங்கி அனுப்பிய குறுஞ்செய்திக்கு ஆம் என்று பதில் போட்ட பிறகு மூன்றாம் முறை போனது. இந்த முறை எல்லாருக்கும் முன்கூட்டியே எழுதிவிட்டேன்: உங்கள் அட்டைக் கணக்கில் இன்ன பெயர்தான் தெரியும், வீட்டில் சொல்லி வையுங்கள்.

அட்டை வழி மூன்று பேரோடு நின்றது. சிங்கப்பூர், மலேசியாக்காரர்கள் ஏழு பேரையும் அதே வழியில் அனுப்ப நினைத்தபோது, சிங்கப்பூர் அக்கா ஒருவர் குறுக்கே வந்தார். "ஆளுக்கு 53 ரூபாய் ஏன் தண்டம் கட்டணும்? நான் திரட்டி ஒண்ணா அனுப்புறேன்." அவர் முதலில் பேநவ் (சிங்கப்பூரின் யுபிஐ மாதிரி), யுபிஐ இரண்டையும் சேர்க்கும் இணைப்பைத்தான் பார்த்தார்; 2023 பிப்ரவரியில் தொடங்கியது. ஆனால் அது தனிநபருக்குத் தனிநபர் அனுப்புவதற்கு, தொழில் கணக்குக்கு ஆகாது. அதனால் நோக்கம் என்ற இடத்தில் 'சேவைக் கட்டணம்' என்று எடுக்க முடிகிற ஒரு செயலியைத் தேடிப் பிடித்தார். ஆளுக்கு 24 சிங்கப்பூர் வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். சிங்கப்பூர்க்காரர்கள் அவருக்கு பேநவ்வில் போட்டார்கள். மலேசியாவில் ஒருவர் ஜொகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் வேலைக்குப் போகிறவர். மற்ற இருவரும் அவருக்கு ஆளுக்கு 80 ரிங்கிட் கொடுக்க, அவர் மூன்று பேருக்கும் வெள்ளியாக அக்காவிடம் சேர்த்தார். ஏழு பெயரும் உள்ள ரசீதை அக்கா பெயருக்குப் போட்டு, பெயர்ப் பட்டியலைப் பின்னால் இணைத்தேன். கல்வெட்டு மொழியில் சொன்னால் அக்கா புணைப்பட்டார்.

168 வெள்ளி புறப்பட்டது. 3.60 கட்டணம். 164.40ஐ 63.10 வீதம் மாற்றினால் 10,373.64. கொத்தவரங்காய் வாங்கும்போது வந்தது அதுதான். தலைக்கு 18 ரூபாய்தான் கசிவு.

இலங்கைக்காரர் ஒருவர் பாக்கி. யாழ்ப்பாணத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார், குழுவிலேயே கிரந்த எழுத்தை வேகமாகப் படிக்கிறவர். அட்டையில் முயன்றார், போகவில்லை. வங்கிக்கும் போய் வந்தார். "தங்கச்சி, பாங்கில கேட்டனான், உந்தச் சின்னக் காசுக்கு இவ்வளவு படிவமோ எண்டு அவையளே சிரிக்கினம். இப்ப அனுப்பேலாமல் கிடக்கு" என்று குரல்பதிவு அனுப்பினார். சந்தா வேண்டாம் ஐயா என்றேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை. பதிலுக்குத் தன் ஊர்க் கோயில் கல்வெட்டைக் காலை வெயில் சாய்ந்து விழும் நேரமாகப் பார்த்துப் பதினான்கு படம் எடுத்து அனுப்பினார். ஒவ்வொன்றிலும் ஓரத்தில் அடிக்கோல் வைத்திருந்தார், எழுத்தின் உயரம் தெரிய. என் அட்டவணையில் 'அனுப்பியது', 'வந்தது', 'வழியில் போனது' என்று மூன்று கட்டம் இருக்கும். அவருக்கு நேரே படம் 14, படம் 14, சுழியம் என்று எழுதியிருக்கிறேன். ஆடிட்டருக்குக் காட்டும் பிரதியில் அந்த வரி இல்லை.

2025 கணக்கு இப்படி முடிந்தது: யுபிஐயிலும் இந்தியக் கணக்கிலும் 12,000, அட்டையில் 4,340.70, அக்கா வழியாக 10,373.64. மொத்தம் 26,714.34. பதினெட்டுப் பேருக்கு 27,000 வந்திருக்க வேண்டும். வழியில் போனது 285.66. ஆண்டுச் செலவும் ஆடிட்டரும் சீலும் போக 10,834 ரூபாய் மிச்சம். பிப்ரவரி கடைசியில் டெம்போ டிராவலர் ஒன்றை எடுத்துக்கொண்டு கோலாரம்மா கோயிலுக்குப் போய் வந்தோம். ராஜேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. வண்டிக்கும் சாப்பாட்டுக்கும் போக 1,900 மிஞ்சியது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை சில குறித்து வைத்திருக்கிறேன். கேள்வித்தாளை டிசம்பரிலேயே அனுப்ப வேண்டும். ஒருவர் இந்த ஆண்டு சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கப்போகிறார், அவர் என்ஆர்ஓ வரிசையிலிருந்து அக்காவின் வரிசைக்கு மாறுவார். அக்கா ஊரில் இல்லாவிட்டால் திரட்ட இன்னோர் ஆள் வேண்டும். பொங்கல் வாரத்தில் வசூலை வைக்கக் கூடாது, வங்கி விடுமுறையில் மூன்று நாள் போய்விட்டது. ரசீது எண்ணை ஆண்டு வாரியாகத் தொடங்காமல் விட்டதால் ஆடிட்டர் முணுமுணுக்கிறார், ஏப்ரலிலிருந்து ஒன்றில் தொடங்க வேண்டும். லண்டன்காரரின் அட்டை நவம்பரில் காலாவதி ஆகிறதாம். புது எண் வந்ததும் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.